பிரித்துக் கட்டிய கடிதம்

1899-ல் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் தொடங்கியபோது, அதன் இயக்குநர் மைக்கி ஸ்மித்துக்கு இடத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. கடல்மட்டத்துக்கு மேல் 2,343 மீட்டர், தூசியில்லாத வானம். கவலையெல்லாம் வழியைப் பற்றித்தான். ரயில் அம்மையநாயக்கனூரோடு நின்றுவிட்டது. அங்கிருந்து மாட்டுவண்டியில் மலையடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை போகலாம். அதற்கு மேல் குதிரை, டோலி, மனிதத் தோள். மோட்டார் ஏறும் சாலை வருவதற்கு இன்னும் பல வருஷம் இருந்தது. துரைகளும் துரைசானிகளும் டோலியில் ஏறிவிட்டார்கள். தொலைநோக்கி எப்படி ஏறும்?

கழற்றினால்தான் ஏறும். குழாய் தனி, கண்ணாடி தனி, தாங்கி தனி என்று தோள் தாங்கும் அளவுக்குப் பிரித்துக் கட்டி மேலே கொண்டுபோய் மறுபடி பூட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லை. சுமந்தவர்களுக்கு மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதும் இல்லை. பாதை பழைய பாதைதான், போன பொருள்தான் புதுசு. இதே தந்திரத்தை 90-சொச்சம் வருஷம் கழித்து அமெரிக்காவில் இரண்டு பேர் வேறொரு பாதையில் செய்யப்போகிறார்கள். அதற்கு முன், அந்தப் பாதை எதனால் குறுகலாகப் போனது என்பது ஒரு தனிக் கதை.

1909 ஜனவரி 5. அதே ஆய்வுக்கூடத்தில் ஜான் எவர்ஷெட் ஒரு சூரியப் புள்ளியின் நிறமாலையைப் படமெடுத்தார். கோடுகள் நேராக நிற்காமல் சாய்ந்திருந்தன. புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுகிறது என்பதற்கு அந்தச் சாய்வுதான் சாட்சி. இன்றும் உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்றே சொல்கிறது. ஆனால் அந்தச் சாட்சி முழுக்க ஒரு கண்ணாடித் தட்டில் இருந்தது. அன்றைக்கு உலகத்தைச் சுற்றி ஓடிய அதிவேகச் செய்திக் கம்பிக்கு எழுத்தும் எண்ணும் மட்டும்தான் தெரியும். "கோடு சாய்ந்தது" என்று தந்தி அடிக்கலாம், சாய்ந்த கோட்டை அடிக்க முடியாது. படம் அச்சேறி, தபாலில் இறங்கி, கப்பலேறித்தான் போயாக வேண்டும். இந்தியாவில் தந்தி 2013 ஜூலையில் செத்தது. அதன் குணம் மட்டும் சாகாமல், யாரும் எதிர்பாராத ஒரு உடம்பில் போய்ப் புகுந்திருந்தது.

அந்த உடம்பு கம்ப்யூட்டர். தந்திக் குறியீடுகளின் வம்சத்தில் 1963-ல் ஆஸ்கி என்ற எழுத்துப் பட்டியல் பிறந்தது. ஏழு பிட், 128 இடம், அவ்வளவுதான். ஆங்கிலத்துக்கு அது தாராளம். பிரெஞ்சுக்காரர் எழுத்தின் தலையில் வைக்கும் சின்னக் கோட்டுக்குக்கூட இடமில்லை. தமிழின் 247 எழுத்தைப் பற்றி அந்த அறையில் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். 1971-ல் ரே டாம்லின்சன் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்பி, பெயருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே @ குறியைப் போட்டபோது, அந்தக் கடிதமும் வெறும் எழுத்தாகவே போனது. 1982-ல் இதையே சட்டமாக்கினார்கள். மெயில் என்றால் ஏழு பிட் எழுத்து, ஒரு வரிக்கு ஆயிரம் எழுத்துக்குமேல் கூடாது. மீறினால்?

மீறினால் தண்டனை நூதனமாக இருந்தது. எட்டாவது பிட்டை வழியிலிருந்த இயந்திரங்கள் சத்தமில்லாமல் வெட்டிப்போட்டன. சில நுழைவாயில்கள் வரிக் கடைசியிலுள்ள வெற்றிடங்களைத் துடைத்து எறிந்தன. ஐபிஎம் பெரிய கம்ப்யூட்டர்களின் வலையமைப்பு வழியாகப் போன கடிதத்தில் அடைப்புக்குறிகள் வேஷம் மாறி வந்தன. எல்லாவற்றையும்விட வேடிக்கை யூனிக்ஸ் இயந்திரங்கள் செய்தது. ஒரு வரி "ஃப்ரம்" என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கினால், அடுத்த கடிதம் தொடங்கிவிட்டது என்று குழம்பிவிடக்கூடாதே என்று அதற்கு முன்னால் ஒரு அம்புக்குறியைச் சொருகிவிடும். காதல் கடிதமானாலும் சரி, ராஜினாமாக் கடிதமானாலும் சரி. இந்தக் காட்டுப்பாதையில் ஒரு படத்தை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா என்று பார்க்கச் சிலர் துணிந்தார்கள்.

முதலில் துணிந்தவர்களில் ஒருவர் பெர்க்லியில் இருந்த மேரி ஆன் ஹார்ட்டன். 1980-ல் அவர் எழுதிய யூயுஎன்கோட் என்ற சிறு நிரல், எந்தக் கோப்பையும் எழுத்தாக வேஷம் போட வைத்துவிட்டது. ஒரு குறைதான். அந்த வேஷத்தில் வெற்றிடமும் ஒரு எழுத்து. வரிக் கடைசி வெற்றிடத்தைத் துடைக்கும் நுழைவாயில் குறுக்கே வந்தால் கோப்பு நாசம். தவிர, பெறுகிறவருக்கு வந்திருப்பது படமா, பாட்டா, கணக்கா என்று உறுதியாகத் தெரியாது. அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதுதான்.

அதே பத்தாண்டில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நத்தேனியல் போரன்ஸ்டீன் என்ற இளைஞர் சொர்க்கத்தில் இருந்தார். அங்கே உருவாக்கிய ஆண்ட்ரூ அமைப்பில், மெயிலுக்குள் படமே வந்தது. வளாகத்துக்குள் எல்லாம் பிரமாதம். வளாகத்தின் வாசலைத் தாண்டிய கடிதம் மறுபக்கம் குப்பையாகப் போய் விழுந்தது. ஊருக்குள் மட்டும் செல்லும் நோட்டு மாதிரி. 1989-ல் அவர் நியூஜெர்சியிலிருந்த பெல்கோருக்கு மாறினார். ஏடி அண்டு டி துண்டானபோது டெலிஃபோன் கம்பெனிகளுக்குப் பொதுவாகப் பிறந்த ஆய்வுக்கூடம் அது. படமும் குரலும் தங்கள் கம்பியில் ஓடினால் காசு என்று கம்பெனிகள் கணக்குப் போட்டன. ஆனால் அந்தச் சந்தையில் ஏற்கெனவே ஒரு ராட்சசன் உட்கார்ந்திருந்தான்.

அவன் பெயர் எக்ஸ்.400. 1984-லேயே வந்துவிட்ட தரம். உலகத்துத் தொலைத்தொடர்புத் துறைகள், அரசாங்கங்கள் எல்லாம் அவன் பக்கம். படம், ஃபேக்ஸ், எதையும் சுமக்கத் தெரிந்தவன். ஆனால் அவனைக் கூப்பிட வேண்டுமானால் பழைய பாதையை மூடிவிட்டுப் புதுச் சாலை போட வேண்டும். போரன்ஸ்டீன் அப்போதுதான் கலிஃபோர்னியாவில் இருந்த நெட் ஃப்ரீடோடு சேர்ந்தார். ஃப்ரீட் இன்னோசாஃப்ட் என்ற சிறு கம்பெனிக்காரர். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மெயில் அமைப்புகளுக்கு நடுவே தரகு வேலை பார்த்தே பழகியவர். எந்தச் சாவடியில் எந்த எழுத்து அடிபடும் என்பது அவருக்கு மனப்பாடம். ஒருவருக்குப் படம் வேண்டும், இன்னொருவருக்குப் பாதை தெரியும். இருவரும் சாலை போடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள்.

மூட்டை கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். அந்த முறைக்கு மைம் என்று பெயர். கடிதம் வெளியே பார்த்தால் பழைய ஏழு பிட் எழுத்துக் கடிதமாகவே இருக்கும். தலைப்பகுதியில் ஒரு வரி, இது பல பகுதிக் கடிதம், பகுதிகளைப் பிரிக்கும் கோடு இன்னது என்று அறிவிக்கும். அந்தக் கோடு, உள்ளே எங்கேயும் தற்செயலாகக்கூட வராத ஒரு எழுத்துக் கோவை. கோட்டுக்குக் கோடு ஒரு மூட்டை. ஒவ்வொரு மூட்டையின் நெற்றியிலும் ஒரு சீட்டு: நான் எழுத்து, நான் படம், நான் ஒலி. பஞ்சாமிர்தம் மாதிரி எல்லாம் ஒன்றாகக் கலந்தால் காரியம் கெட்டது. இங்கே பழம் பழமாகவும் தேன் தேனாகவும் போய்ச் சேர வேண்டும். படத்தை எழுத்தாக்கும் வேஷத்துக்கு பேஸ்64-ஐ எடுத்துக்கொண்டார்கள். எந்தச் சாவடியிலும் அடிபடாத 64 குறிகள்: ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, பத்து எண், ஒரு கூட்டல் குறி, ஒரு சாய்கோடு. கடைசி இரண்டும் பின்னால் செய்யப்போகும் கலாட்டாவை அன்று யாரும் கனவுகூடக் காணவில்லை.

1992 மார்ச் 11 அன்று போரன்ஸ்டீன் முதல் மூட்டையை அனுப்பினார். மனிதகுலத்தின் முதல் மைம் அட்டாச்மென்டில் என்ன இருந்தது? டெலிஃபோன் கார்ட்ஸ் என்ற நால்வர் பாட்டுக் குழுவின் படம். நால்வரில் அவரும் ஒருவர். கூடவே அவர்கள் பாடிய ஒலிப்பதிவும். ஒரு பழைய காதல் பாட்டின் மெட்டில், உனக்கு மெயில் அனுப்பட்டுமா என்று மாற்றிப் பாடிய கிண்டல் பாட்டு. இவ்வளவு பாடுபட்டது எதற்கு என்று கேட்டவர்களிடம், என்றைக்காவது எனக்குப் பேரப்பிள்ளைகள் பிறப்பார்கள், அவர்கள் படம் மெயிலில் வர வேண்டும் என்று சொல்லி வந்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். (பேரப்பிள்ளைகளும் பிறந்தார்கள், படங்களும் வந்தன.) அந்த ஜூன் மாதமே ஆர்.எஃப்.சி. 1341 என்ற எண்ணில் மைம் தரம் வெளியானது. அதில் ஒரு பிழை இருந்தது.

ஒவ்வொரு மைம் கடிதமும் தன் பதிப்பு எண்ணை நெற்றியில் எழுதிக்கொள்ள வேண்டும்: 1.0. நாளைக்கு 2.0 வரும் என்ற தொலைநோக்கு. ஆனால் புது எண்ணைப் பார்த்த பழைய நிரல் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. சில நிரல்கள் திருப்பி அனுப்பும், சில கண்டுகொள்ளாது. எண்ணை மாற்றினால் யார் யாருக்கு மெயில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. அதனால் மாற்றவே முடியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, உலகத்தில் தினம் பறக்கும் கோடிக்கணக்கான மெயில்களும் ஒரு பயனுமில்லாத அந்த 1.0-வைச் சுமந்துகொண்டே பறக்கின்றன.

ஆனால் இன்னொரு இடத்தில் இருவரும் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பது தெரிந்தது. ஒரே சேதியைப் பல வடிவில் ஒரே கடிதத்தில் வைக்கலாம் என்றார்கள். முதலில் வெற்று எழுத்து, கடைசியில் அலங்காரம். புது நிரல் தனக்குப் புரிவதில் கடைசியானதை எடுத்துக்கொள்ளும். மைம் என்றால் என்னவென்றே தெரியாத பழைய நிரலில் படிப்பவருக்கும் மேலாக இருக்கும் வெற்று எழுத்து கண்ணில் பட்டுவிடும். ஏழைக்கு முன் வரிசை, பணக்காரனுக்குப் பின் வரிசை என்று வைத்த இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே இருவரையும் கையெடுத்துக் கும்பிடலாம். அலங்கார வடிவத்துக்கு அவர்களே ஒரு மொழியும் செய்து வைத்தார்கள், ரிச்டெக்ஸ்ட் என்று. அது எடுபடவில்லை. அந்தக் காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்தது, மெயிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டுப் பிள்ளை.

ஜெனீவா அருகில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையை நெய்துகொண்டிருந்தார். ஒரு பக்கத்தை அனுப்பும்போது இது எழுத்தா படமா என்று பெறும் நிரலுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தவருக்கு, மைமின் நெற்றிச் சீட்டு கையில் கிடைத்தது. எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் ஒவ்வொரு வலைப்பக்கமும் மெயிலிடம் கடன் வாங்கிய அந்தச் சீட்டோடுதான் வருகிறது. வட்டி சீக்கிரமே திரும்பியது. 1995-ல் வலைப்பக்கங்களின் மொழியான எச்.டி.எம்.எல். முறையாகப் பதிவானதும், மெயில்காரர்கள் அதைத் தூக்கி அலங்கார நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வலை மெயிலின் சீட்டை எடுத்தது, மெயில் வலையின் சட்டையை எடுத்தது. இருவரும் ஒரே வீட்டில் குடியேறுவதுதான் பாக்கி.

1996 ஜூலை 4 அன்று அதுவும் நடந்தது. பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் திறந்தார்கள். அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துக்களுக்குள் எச்.டி.எம்.எல். என்ற நான்கும் பெரிய எழுத்தில் ஒளிந்திருந்தன. வி.எஸ்.என்.எல். இந்தியாவுக்குப் பொது இணையம் கொண்டுவந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பலருடைய கணக்கில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும்தான். மெயில் பெட்டியைச் சொந்தக் கம்ப்யூட்டரோடு கட்டிப் போட்டிருந்த காலம் அது. ஹாட்மெயில் வந்ததும், கம்ப்யூட்டரே இல்லாதவருக்கும் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் பெட்டி கிடைத்தது. ஆனால் பிரவுசருக்கு மூட்டை பிரிக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது எச்.டி.எம்.எல். மட்டும். ஆகவே நடுவிலிருந்த சர்வர் ஒரு புது வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

சொல்லும்போது லேசான வேலை. கோட்டைப் பார்த்துப் பகுதிகளைப் பிரி, புரிவதில் கடைசி வடிவத்தை எடு, வேஷத்தைக் கலை, பக்கமாகக் காட்டு. செய்யும்போதுதான் தெரிந்தது, சம்புடத்துக்குள் சம்புடம். அட்டாச்மென்ட் உள்ள கடிதத்துக்குள் இரண்டு வடிவ மூட்டை, அதற்குள் படத்தோடு பிணைந்த பக்கம், எல்லாவற்றையும் யாரோ ஒருவர் ஃபார்வர்டு செய்திருந்தால் முழுக் கடிதமே இன்னொரு கடிதத்தின் வயிற்றில். கடிதப் பக்கம் தன் படத்தை "பக்கத்து மூட்டையில் இந்த எண்ணில் இருக்கிறது பார்" என்று சுட்டும். பிரவுசருக்கு மூட்டையும் தெரியாது, எண்ணும் தெரியாது. சர்வர் அந்தச் சுட்டலை ஒவ்வொன்றாகப் பிடித்து, பிரவுசர் போகக்கூடிய முகவரியாக மாற்றித் தர வேண்டும். இது பரவாயில்லை. பக்கத்துக்குள் ஜாவாஸ்கிரிப்டை ஒளித்து அனுப்பினால்? 2006 ஜூனில் யமன்னர் என்ற புழு யாஹூ மெயிலில் அதைத்தான் செய்தது. கடிதத்தைத் திறந்தால் போதும், நண்பர்களுக்கெல்லாம் தானே போய்விட்டது. மூட்டை பிரிப்பவர் சோதனையும் போட வேண்டும் என்பது அன்று எல்லோருக்கும் உறைத்தது.

தமிழுக்கு அப்போது வேறு கஷ்டம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்துக்காக உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து மெயிலில் அனுப்பினார்கள். சரியான எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், கொம்பும் காலும் போட்ட ஐரோப்பிய எழுத்துக் கூட்டம் ஒன்று திரையில் ஊர்வலம் போகும். டிஸ்கி என்ற பொதுக் குறியீடு அந்தக் கூச்சலை ஓரளவு அடக்கியது. முழுக்க அடக்கியதோ, ஒரு சாப்பாட்டு மேசையில் பிறந்த சங்கதி.

1992 செப்டம்பர். மைம் வெளியாகி மூன்றே மாதம். அதே நியூஜெர்சி. ஏடி அண்டு டி வம்சத்தின் இன்னொரு கூடமான பெல் லேப்ஸைச் சேர்ந்த கென் தாம்சனும் ராப் பைக்கும் ஒரு உணவகத்தில் உட்கார்ந்து, தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் யூடிஎஃப்-8 என்ற குறியீட்டை வரைந்தார்கள். உலகத்து எழுத்தெல்லாம் அதில் அடக்கம். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். பேஸ்64-க்கு மூன்று பைட் கிடைத்தால் நான்கு எழுத்தாக மாற்றித் தரும். ஒன்றுக்கொன்று சொல்லிவைக்காமல் செய்த இரண்டும் தமிழில் மட்டும் கச்சிதமாகப் பொருந்தின என்று பெருமைப்பட முடியாது, தேவநாகரிக்கும் அதே கணக்குத்தான். ஆனாலும் "பழனி" என்று எழுதி மெயிலின் மூல வடிவத்தைத் திறந்தால் ஒரு அழகு தெரியும். ப, ழ, ன, இகரக் கொக்கி என்று நான்கு குறி, பன்னிரண்டு பைட், பதினாறு எழுத்து. நாலு-கே-ஆறு-க்யூ, நாலு-கே-ஆறு-சைபர், நாலு-கே-ஆறு-பி, நாலு-கே-ஆறு-சாய்கோடு. உயிரும் அகர மெய்யும் எல்லாம் "நாலு-கே-ஆறு" என்றே தொடங்கும். புள்ளியும் உகரக் கொக்கியும் வந்தால் ஆறு போய்க் கூட்டல் குறி வரும். இடைவெளி குறுக்கிட்டால் வரிசை நழுவும், மூன்றாவது இடைவெளியில் மறுபடி பிடிபடும். பல வருஷம் மெயிலின் குடலைப் பார்த்தவர்கள், தமிழ்க் கடிதத்தைப் பிரிக்காமலே அடையாளம் கண்டுவிடுவார்கள். அந்தக் கூட்டலும் சாய்கோடும்தான் வில்லங்கத்துக்குக் காத்திருந்தன.

2014-ல் கூகுள் ஜிமெயிலுக்கு ஏ.பி.ஐ. திறந்தது. இனி மனிதர் மட்டுமில்லை, நிரலும் வலை வழியாகக் கேட்கலாம், கடிதம் மூட்டை மூட்டையாக ஒரு மரம் போல வரும். ஆனால் வலை முகவரியில் கூட்டலுக்கும் சாய்கோட்டுக்கும் வேறு அர்த்தம் உண்டு. அதனால் அங்கே பேஸ்64-ன் தம்பி ஒருவன் வேலை பார்த்தான். கூட்டலுக்குப் பதில் சிறு கோடு, சாய்கோட்டுக்குப் பதில் அடிக்கோடு. பழைய அண்ணனை வைத்தே பிரித்தவருக்கு வெற்று ஆங்கிலக் கடிதம் பெரும்பாலும் தப்பித்துவிடும், ஏனென்றால் கேள்விக்குறி மாதிரிச் சிலவற்றைத் தவிர ஆங்கிலத்தில் அந்த இரண்டு குறிகளும் வரவே வராது. தமிழில் "பழனி"யின் கடைசி எழுத்திலேயே இடறும். சோதனைக் கடிதத்தை ஆங்கிலத்தில் மட்டும் எழுதிப் பார்த்து எல்லாம் சரி என்று வீட்டுக்குப் போகும் ஆளுக்கு இதைவிட நல்ல பொறி கிடைக்காது.

மரம் கையில் வந்தாலும் ஏறுவது கேட்டவர் பாடாகவே இருந்தது. புகார் மெயில்களை வாங்கித் திரையில் காட்டும் நிரல், ஹோட்டல் முன்பதிவு நிரல் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக மரமேறி, ஒரே கிளையில் வழுக்கி விழுந்துகொண்டிருந்தது. 2019-ல் ஜேமேப் என்ற தரம் அந்த ஏற்றத்தையே சர்வரிடம் தள்ளியது. எச்.டி.எம்.எல். உடல் எது, வெற்று எழுத்து உடல் எது, அட்டாச்மென்ட் எவை என்று கேட்டால், பிரித்து அடுக்கிய பட்டியலே வரும். தென்காசி வரை அலுவலகம் வைத்திருக்கும் தமிழ்நாட்டு ஸோஹோவின் மெயிலும் 2008-லிருந்து இந்த மூட்டைகளைப் பிரித்துக்கொண்டேதான் இருக்கிறது. சுமை இறக்கும் கூலி கடைசியில் சர்வர் தலையில் போனது. மலைப்பாதை மட்டும் அப்படியேதான் இருந்தது.

2024 மே 7 முதல், நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானல் மலையேறும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. வெள்ளி நீர்வீழ்ச்சி அருகிலிருக்கும் சாவடியில் வண்டி நிற்கும், செல்ஃபோன் நீளும், கட்டம் கட்டமான குறியீட்டுப் படத்தை ஸ்கேன் செய்வார்கள். மேலே விடுதி வாசலிலும் அதே சடங்கு, முன்பதிவு மெயிலைத் திறந்து காட்ட வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் வரும், போகும். அடிவாரத்தில் ஒரு முறை வந்து இறங்கிவிட்ட கடிதத்தில், படத்தை மூட்டையாக உள்ளேயே கட்டி அனுப்பியிருந்தால் அது மலையிலும் தெரியும். வலையில் எங்கோ வைத்துவிட்டு முகவரியை மட்டும் எழுதி அனுப்பியிருந்தால், படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுச் சதுரம் தெரியும், பின்னாலிருக்கும் பஸ் ஹாரன் அடிக்கும்.